தோண்டி முடித்த ஊரின் காகிதங்கள்: மகளின் கோடை வேலை பற்றிக் கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் ஐயா,

உங்கள் மகள் கலிஃபோர்னியாவில் கணினி அறிவியலோடு மானிடவியலையும் சேர்த்துப் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில், கூடப் படிப்பவர்கள் எல்லாம் மென்பொருள் நிறுவனங்களில் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். 1960-களில் ஒரு சுமாஷ் பழங்குடி ஊரில் நடந்த அகழாய்வின் ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் வேலை. "தோண்டுகிற வேலைகூட இல்லை, யாரோ தோண்டி முடித்த காகிதத்தை அடுக்குகிற வேலை. இதற்கா கடன் வாங்கிப் படிக்க அனுப்பினேன்?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்தக் கோடைக்கு அவள் அந்த வேலையைச் செய்யட்டும் என்பதுதான் என் கருத்து. கணினி அறிவியலை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

அகழாய்வு செய்த இடம் திரும்பக் கிடைக்காது. ஒரு மண் அடுக்கை எடுத்துவிட்டால் அது போனது போனதுதான். மிஞ்சுவது பைகளில் கட்டிய பொருட்களும், எது எங்கே எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிய காகிதங்களும்தான். சுமாஷ் மக்கள் வாழ்ந்தது மாலிபு தொடங்கி சான் லூயிஸ் ஒபிஸ்போ வரையிலான கடற்கரையிலும், எதிரே உள்ள சானல் தீவுகளிலும். அமெரிக்காவிலேயே நிலத்தின் விலை மிக அதிகமான பகுதிகளில் அதுவும் ஒன்று. சாலையும் வீடும் படகுத்துறையும் கட்டக் கட்ட, பழைய ஊர்களில் பல அவற்றுக்குக் கீழே புதைந்துவிட்டன. அப்படிப்பட்ட ஊருக்கு இன்று ஒரே சாட்சி, அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் அந்தக் களக்குறிப்பேடுகள்தான்.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். ஒலிவெல்லா என்ற சின்னக் கடல் நத்தையின் ஓட்டிலிருந்து செய்த மணிகளைச் சுமாஷ் மக்கள் பணமாகவே புழங்கினார்கள். பெரும்பகுதி சாந்தா குரூஸ் தீவில் செய்யப்பட்டு, தோமோல் என்னும் பலகைப் படகில் ஏறிக் கரைக்கு வந்தது. மணி ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அகழாய்வில் மண்ணைச் சல்லடையில் சலிக்கும்போது கால் அங்குலக் கண் உள்ள சல்லடை என்றால் இந்த மணிகளில் பெரும்பாலானவை கீழே விழுந்துவிடும். அரைக்கால் அங்குலக் கண் என்றால் கணிசமாகத் தங்கும். இப்போது ஒரு குழியில் 20 மணி, பக்கத்துக் குழியில் 300 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இடத்தில் பணக்காரர்கள் இருந்தார்களா, அல்லது அன்றைக்குச் சல்லடையை மாற்றினார்களா? பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது. குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒரு வரிதான் சொல்லும்.

மணியின் துளையிலும் காலம் இருக்கிறது. முன்பெல்லாம் கல் துரப்பணத்தால் துளையிட்டார்கள். ஸ்பானியர் வந்து, 1772 முதல் அந்தப் பகுதியில் மிஷன்கள் என்னும் கிறிஸ்தவ மதப்பணி நிலையங்கள் எழுந்த பிறகு, இரும்பு ஊசியால் துளையிட்ட மணிகள் வருகின்றன. துளை மெலிந்து சீராக இருக்கும், விளிம்பைத் தேய்ப்பது குறைந்துகொண்டே போகும். ஆனால் எந்த மணி எந்த அடுக்கோடு சேர்ந்தது என்ற பதிவு இருந்தால்தான் இந்த அறிவு பயன்படும். பையின் எண்ணையும் பட்டியலின் எண்ணையும் பொருத்துவதை எழுத்தர் வேலை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஆராய்ச்சியின் முதுகெலும்பே அதுதான்.

அவள் என்ன செய்வாள் என்று கேட்டிருந்தீர்கள். இப்படிப்பட்ட தொகுப்பில் களக்குறிப்பேடுகள், அடுக்குவாரியான படிவங்கள், கட்டத்தாளில் வரைந்த குழி வரைபடங்கள், பொருள் பதிவேடு, கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள் எல்லாம் இருக்கும். துருப்பிடித்த கிளிப்புகளைக் காகிதம் கிழியாமல் எடுக்க வேண்டும். அமிலமில்லாத உறைகளுக்கு மாற்ற வேண்டும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் நெகட்டிவ் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியே பிரித்துக் குளிர்ச்சியில் வைத்துச் சீக்கிரம் ஸ்கேன் செய்ய வேண்டும். அப்புறம்தான் உங்கள் மகளின் கணினிப் படிப்பு உள்ளே வருகிறது. ஒருவர் அடியில் அளந்திருப்பார், இன்னொருவர் மீட்டரில். ஒரே குழிக்கு இரண்டு வருடத்தில் இரண்டு பெயர் வைத்திருப்பார்கள். இதையெல்லாம் பிழையில்லாமல் ஒரு தரவுத்தளமாக்கவும், பழைய வரைபடத்தை இன்றைய ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபடத்தில் பொருத்தவும் தெரிந்தவர்கள் அருங்காட்சியகங்களில் குறைவு. காகிதமும் புரிந்து கணினி நிரலும் எழுதத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

பழைய காகிதம் என்ன செய்யும் என்பதற்கு இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜான் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமாஷ் முதியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் குவித்தார். அவருடைய காகிதங்கள் இன்று அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கின்றன. ஃபெர்னாண்டோ லிப்ராடோ என்ற முதியவர் விவரித்த படகு கட்டும் முறை அதில் இருந்தது. அதைப் பார்த்து 1976-இல் ஒரு தோமோலை மறுபடி கட்டிக் கடலில் இறக்கினார்கள். மரியா சொலாரெஸ் என்ற மூதாட்டி சொன்னவை, சுமாஷ் மொழிகளில் ஒன்றான சமலாவுக்கு அகராதி உண்டாக்கச் சாந்தா இனெஸ் பகுதிச் சுமாஷ் மக்களுக்குக் கைகொடுத்தன. யாரோ ஒருவர் அந்தப் பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் நடந்தது இது.

சரி, வேலை கிடைக்குமா? இதில் சட்டத்தின் பங்கு பெரிது. பழங்குடியினரின் மூதாதையர் எலும்புகளையும் அவர்களோடு புதைத்த பொருட்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1990-இல் அமெரிக்க மத்திய அரசு சட்டம் போட்டது, நாக்ப்ரா என்பார்கள். கலிஃபோர்னியா 2001-இல் தன் சட்டத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் மத்திய விதிகள் இறுக்கமாயின: அவற்றைக் காட்சிக்கு வைக்கவோ ஆராயவோ முன்கூட்டியே வம்சாவளியினர் அல்லது பழங்குடியினரின் சம்மதம் வேண்டும், பட்டியல்களை ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்க வேண்டும். எதை யாருக்குத் திருப்பித் தருவது என்று முடிவு செய்ய முதலில் தேவைப்படுவது அந்தப் பழைய அகழாய்வு ஆவணம்தான். ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு இந்த வேலைக்கு ஆள் வேண்டும். இது தவிர, கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் பாதிப்பைப் பார்க்கும் ஆலோசனை நிறுவனங்கள் கலிஃபோர்னியாவில் நிறைய உண்டு.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையை நெருங்காது. பல பணிகள் மானியத்தைப் பொறுத்தவை, ஓரிரு ஆண்டு ஒப்பந்தம்தான்; 2025-இல் மத்திய மானியங்கள் பல நடுவிலேயே ரத்தானபோது இந்தத் துறை நன்றாகவே அடிபட்டது. பொறுப்பான பதவிகளுக்கு முதுகலை அவசியம். உங்கள் மகள் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பதால் மத்திய அரசின் அருங்காட்சியக, பூங்கா வேலைகள் பெரும்பாலும் அவளுக்குக் கிடையாது, அவை குடிமக்களுக்கு. ஆனால் பல்கலைக்கழக வேலை என்றால் எச்-1பி என்னும் வேலை விசாவுக்கான குலுக்கலில் மாட்ட வேண்டியதில்லை. அது சின்ன விஷயம் இல்லை.

கணினி அறிவியலை விடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். அந்தப் பட்டத்துக்கு 12 மாத ஓபிடி (மாணவர் விசாவிலேயே படிப்போடு தொடர்புள்ள வேலை பார்க்கும் அனுமதி) முடிந்ததும், படிப்போடு தொடர்புள்ள வேலை என்றால், அறிவியல்-தொழில்நுட்பப் பட்டங்களுக்கு உள்ள 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மானிடவியலை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தக் கதவு மூடிவிடக்கூடும். முதுகலை பற்றிப் பிறகு யோசிக்கலாம். ஆவண வேலைதான் பிடிக்கிறது என்றால் நூலக-தகவல் அறிவியல் முதுகலை சரியான வழி. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யுசிஎல்ஏ) இருக்கிறது, சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழுக்க ஆன்லைனிலேயே படிக்கலாம், ஆனால் விசாவில் அங்கே தங்கிப் படிக்க முழு ஆன்லைன் படிப்பு ஒத்துவராது. களமும் பொருளும் பிடித்திருந்தால் தொல்லியல் முதுகலை. எதுவானாலும் உதவித்தொகை இல்லாமல் இன்னொரு கடன் வாங்கிச் சேர வேண்டாம். உடனே முனைவர் பட்டத்துக்குப் போவதையும் நான் சொல்ல மாட்டேன்.

மகளிடம் நீங்கள் நேரடியாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் புதைகுழிகளின் படங்களும் வரைபடங்களும் இருக்கலாம். சுமாஷ் மக்களுக்கு அவை தாத்தா பாட்டிகளின் உடல்கள். பார்க்க மனது கஷ்டப்பட்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லித் தள்ளி வைக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. செல்ஃபோனில் படம் எடுப்பது, லிங்க்ட்இனில் இடத்தின் பெயரைப் போடுவது, நண்பர்களுக்கு அனுப்புவது எதுவும் கூடாது. தொல்லியல் இடங்களின் இருப்பிடத்தை அங்கே பொதுவில் வெளியிடுவதில்லை. திருட்டுத் தோண்டல் நடக்கும். யார் எதைப் பார்க்கலாம் என்பதில் சுமாஷ் மக்களின் சொல்லுக்கு இடம் கொடுக்கும் மேற்பார்வையாளரா என்பதையும் அவள் முதல் வாரத்திலேயே கவனிக்கட்டும். அப்படிப்பட்டவரிடம் கற்பதுதான் இந்தத் துறையில் பின்னால் உதவும்.

கோடை முடியும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒழுங்குபடுத்திய தொகுப்புக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதுவார்கள், ஃபைண்டிங் எய்ட் என்று பெயர். கலிஃபோர்னியாவில் பல நிறுவனங்கள் அதை ஆன்லைன் ஆர்க்கைவ் ஆஃப் கலிஃபோர்னியா தளத்தில் ஏற்றுகின்றன. அதில் தயாரித்தவர் என்று தன் பெயர் வருமா என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். தரவுத்தளத்தை அவள் வடிவமைத்தால், ரகசியத் தரவு இல்லாமல் அமைப்பை மட்டும் தன் வேலை மாதிரியாகக் காட்ட எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். மென்பொருள் வேலைக்கே திரும்பினாலும் அது செல்லும்.

வளாகத்துக்குள்ளான வேலை என்பதால் விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். வகுப்பு தொடங்கியதும் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மணிக்கு எவ்வளவு, வேலை எப்போது முடிகிறது என்பதைக் கடிதமாக வாங்கி, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை காட்டிவிடட்டும். அதைச் செய்யும் வரை முதன்மைப் பாடத்தை மாற்றும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.