அணியைச் சுழற்றும் கணக்குகள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு சதுர அணியை (கிடை வரிசைகளான நிரைகளும் செங்குத்து வரிசைகளான நிரல்களும் சம எண்ணிக்கையில் உள்ள எண் அட்டவணையை), வேறோர் அணியின் துணையின்றி அதே இடத்தில் 90 பாகை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். உறுப்புகளை இடம் மாற்றும்போது குறியீட்டெண்கள் குழம்பிவிடுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: புரோகிராம் எழுத உட்காருமுன், ஓர் உறுப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். இந்த ஒரு பழக்கத்தை நான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். நிரைகளின் எண்ணிக்கை ந என்றும், எண்ணுவது 0-இல் தொடங்குகிறது என்றும் கொண்டால், (அ, ஆ) என்ற இடத்தில், அதாவது அ என்ற நிரையும் ஆ என்ற நிரலும் சந்திக்கும் இடத்தில், உள்ளது (ஆ, ந−1−அ) என்ற இடத்துக்குப் போக வேண்டும். 4×4 அணியில் (0, 1)-ஐப் பின்தொடர்ந்தால், அதில் உள்ளது (1, 3)-க்கும், அங்கே இருந்தது (3, 2)-க்கும், அதிலிருந்தது (2, 0)-க்கும், கடைசியில் இருந்தது (0, 1)-க்கும் வந்து சேர்வதைக் காணலாம். இந்த நான்கும் தமக்குள் மட்டுமே இடம் மாறிக்கொள்வதால், ஒரு தற்காலிக மாறி போதுமானது.

இதைவிடத் தெளிவான வழியும் உண்டு: முதலில் நிரைகளை நிரல்களாக மாற்றி, பிறகு ஒவ்வொரு நிரையையும் வலமிடமாகத் திருப்பிவிடுங்கள். (0, 1) முதற்படியில் (1, 0) ஆகி, இரண்டாம் படியில் (1, 3) ஆகிறது. சூத்திரம் சொன்ன இடமும் அதுவே. இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டுமானால், இரண்டாம் படியில் நிரைகளின் வரிசையையே மேல்கீழாக மாற்றினால் போதும். பிழை நுழைய இடம் குறைவு என்பதால் நான் இந்த வழியையே பரிந்துரைக்கிறேன். ஆனால், அணி சதுரமாக இல்லாவிட்டால் அதன் வடிவமே மாறிவிடுவதால், புதிய அணி ஒன்றை உருவாக்குவதே நல்லது.

கேள்வி: நிரைகளை நிரல்களாக மாற்றும் லூப்பை ஓட்டினேன், அணி அப்படியே இருக்கிறது. ஏன்?

பதில்: உள் லூப்பை 0-இலிருந்து தொடங்கியிருப்பீர்கள். அப்போது ஒவ்வொரு இணையும் இருமுறை இடம் மாறிப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மூலைவிட்டத்துக்கு மேலே உள்ளவற்றை மட்டும், அதாவது அ+1-இலிருந்து தொடங்கி மாற்றுங்கள்.

கேள்வி: பைத்தானில், பூச்சியங்களால் ஆன ஒரு நிரையை மூன்றால் பெருக்கி 3×3 அணியை உருவாக்கினேன். ஓர் இடத்தில் 5 எழுதினால், அந்த நிரல் முழுவதும் 5 ஆகிவிடுகிறதே?

பதில்: உங்களிடம் இருப்பது மூன்று நிரைகள் அல்ல, ஒரே லிஸ்ட்டைச் சுட்டும் மூன்று சுட்டுகள். லூப்புக்குள் ஒவ்வொரு நிரையையும் தனித்தனியாக உருவாக்குங்கள்.

கேள்வி: சி மொழியில் ஒரு பெரிய அணியை நிரல் நிரலாகக் கூட்டினால், நிரை நிரையாகக் கூட்டுவதைவிட நேரம் கூடுகிறது. கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றுதானே?

பதில்: ஒன்றுதான், நினைவகத்தை அணுகும் முறைதான் வேறு. சி மொழி ஒரு நிரையின் உறுப்புகளை அடுத்தடுத்துச் சேமிக்கிறது. பெரும்பாலான கணினிகளில் கேஷ் (செயலிக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகம்) ஒவ்வொரு முறையும் 64 பைட்டுகளைக் கொண்டுவருவதால், 4 பைட் முழு எண்கள் பதினாறு ஒன்றாக வந்துவிடுகின்றன. நிரை வழியே சென்றால் பதினாறும் பயன்படும். நிரல் வழியே சென்றால், அணி பெரிதாக இருக்கும்போது, ஒன்றைப் பயன்படுத்தியபின் மற்றவை பயன்படுமுன்பே கேஷிலிருந்து வெளியேறிவிடக்கூடும். ஃபோர்ட்ரான் மொழி நிரல் வழியாகச் சேமிப்பதால், அங்கே லூப்புகளின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.