வீட்டில் நடந்த சண்டையையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஓய்வு பெற்ற பெண் எஸ்.எஸ்.ஐ. (போலீஸ் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) பதில் சொல்கிறார்

போன இதழில் காரைக்குடி வாசகி ஒருவர் எழுதியிருந்தார். எதிர்வீட்டு அம்மாவைக் காணவில்லை. எழுபதைத் தாண்டியவர். விடிகாலையில் வாசல் தெளிக்க வந்தவர் உள்ளே திரும்பவில்லை. போலீஸ் வீடு வீடாக விசாரிக்கிறது, தெரு முழுக்க இதே பேச்சு, ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தேடல் இன்னும் நடக்கிறது என்பதால் அந்தக் குடும்பத்தைப் பற்றிய யூகம் எதற்கும் இங்கே இடமில்லை. "மருமகள்தான் காரணம், பிடித்து உள்ளே போடுங்கள்" என்று தீர்ப்பே எழுதி அனுப்பியவர்களுக்கும் பதில் கிடையாது.

கேள்வி: என் பெரியம்மாவைக் காணவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போனபோது, "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க, ஒரு நாள் பொறுத்துப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டுமா?
(வாசகர், திருப்புவனம்)

பதில்: அப்படி ஒரு சட்டமே இல்லை. காணோம் என்று தெரிந்த நிமிஷமே போகலாம். போகும் வழியிலேயே 112-க்கு அடித்தும் சொல்லிவிடலாம், ரோந்து வண்டி பக்கத்தில் இருந்தால் ஒரு சுற்றுப் பார்ப்பார்கள்.

வெறும் மனுவாக வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டினால் அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. 'பெண் காணவில்லை' என்ற தலைப்பில் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள். அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். எஃப்.ஐ.ஆர். எண் விழுந்த பிறகுதான் மற்ற ஸ்டேஷன்களுக்கும் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் தகவல் முறைப்படி நகரும். "எங்க லிமிட் இல்லை" என்று அலைய விடவும் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, எல்லையைக் காரணம் காட்டிப் புகாரைத் திருப்புவதற்கு வழி வைக்கவில்லை. அப்படியும் வாங்கவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். அதற்குப் பிறகு தானாக வாங்குவார்கள்.

கேள்வி: மாமியாரைக் காணவில்லை என்று புகார் கொடுத்ததே நான்தான். ஆனால் போலீஸ் வந்து என்னையே துருவுகிறது. முதல்நாள் என்ன சமைத்தாய், யார் யாரோடு பேசினார், என்ன வாக்குவாதம் என்று கேள்வி மேல் கேள்வி. தெருவில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளி மாதிரி நடத்தலாமா?
(வாசகி, பரமக்குடி)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறதும்மா. தெரு பேசுவதை விடுங்கள், ஆள் கிடைத்ததும் அதுவே வேறு கதைக்குத் தாவிவிடும். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்காத போலீஸ்காரரை நான் நம்ப மாட்டேன்.

காரணம் சொல்கிறேன். வயதான ஒரு பெண் வீட்டைவிட்டுப் போனால், வழி தெரியாமல் போனாரா, மனசு வெறுத்துப் போனாரா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் தேடும் இடமே வேறு. அதை ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது, வீட்டுக்குள் வந்துதான் பார்க்க வேண்டும். நான் சர்வீஸில் இருந்தபோது இந்த மாதிரி வீட்டுக்குப் போனால் முதலில் வாசலில் செருப்பைத் தேடுவேன். அடுத்து சுருக்குப்பை. அப்புறம் வெற்றிலைப் பெட்டி, பிரஷர் மாத்திரை, மாற்றுச் சேலை, மூக்குக் கண்ணாடி. வெற்றிலைப் பெட்டியும் மாற்றுச் சேலையும் காணவில்லை என்றால் அந்த அம்மா யோசித்துத்தான் கிளம்பியிருக்கிறார். மகள் வீடு, தங்கச்சி வீடு, கோயில் என்று விசாரிக்கலாம். எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, செருப்பு மட்டும் இல்லை என்றால் ஆள் ரொம்ப தூரத்தில் இருக்க மாட்டார். செருப்பும் கிடக்கிறது என்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே கொல்லைப்பக்கத்தில் இறங்கிவிடுவேன்.

இதெல்லாம் சரி, ஆனால் வீட்டார் வாயைத் திறக்க வேண்டுமே! "ஒரு பிரச்சினையும் இல்லை சார், சந்தோஷமாத்தான் இருந்தாங்க" என்பார்கள். மானம் போய்விடும் என்ற பயம். ஒரு வீட்டில் இப்படித்தான் சொன்னார்கள். ஊர்க் கிணறுகளில் ஃபயர் சர்வீஸை இறக்கினோம், கண்மாய்க் கரை முழுக்க நடந்தோம். கடைசியில் நாலாவது படிக்கிற பேரன் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பத்தாவைக் கைநாட்டு வைக்கச் சொன்னாங்க, அது மாட்டேன்னுச்சு" என்றான். வீட்டுப் பத்திரம்! அதற்கு மேல் கிணற்றில் தேட என்ன இருக்கிறது? அப்பத்தாவுடன் பிறந்தவர்கள் யார் யார், எந்த ஊர் என்று கேட்டோம். அறந்தாங்கிப் பக்கம் தங்கச்சி வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். வீட்டார் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை பேர் கிணற்றில் இறங்கியிருக்க வேண்டாம்.

ஆகவே சண்டை நடந்திருந்தால் நடந்தது என்றே சொல்லுங்கள். மாமியார் மருமகள் வாக்குவாதம் ஐ.பி.சி.யிலும் குற்றம் இல்லை, இப்போது வந்திருக்கும் புதுச் சட்டத்திலும் குற்றம் இல்லை. தெரு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், பெண் போலீஸிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுகிறார். இதுதான் வீடு என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். ஒரு நாள் காணாமல் போய்விட்டால் எங்கே தேடுவது?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: காணாமல் போவதற்கு முன்னாலேயே கேட்டீர்களே, நல்லது. நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாம்.

அம்மா எந்த வீட்டைச் சொல்கிறார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது பிறந்த வீடாக இருக்கும், இல்லாவிட்டால் வாழ்க்கைப்பட்டுப் போன வீடு. அந்த ஊர், தெரு, அங்கே இப்போது குடியிருப்பவர்களின் போன் நம்பர் எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். காணோம் என்றதும் முதல் போன் அங்கேதான் போக வேண்டும்.

அதோடு உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருமுறை முழுசாகத் தேடுங்கள். சிரிக்காதீர்கள். மொட்டை மாடி, மாடிப்படிக்குக் கீழே, உள்ளே தாழ் போட்ட பாத்ரூம், பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கொல்லை, பாதி கட்டி நிற்கும் கட்டடம் எல்லாவற்றையும் பாருங்கள். இந்த நோய் உள்ளவர்கள் ஒரு திசையில் நடக்க ஆரம்பித்தால் எதிலாவது போய் முட்டிக்கொள்ளும்வரை நடப்பார்கள். நம் பக்கத்தில் அது அநேகமாகச் சீமைக்கருவேலங்காடுதான். உள்ளே நுழைந்தால் முந்தானை முள்ளில் மாட்டும், முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். பத்தடி தூரத்தில் நின்று "பாட்டீ" என்று கத்தினாலும் பதில் வராது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. சின்ன வயதில் வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அப்படியும் பதில் வருமென்று நிச்சயமில்லை, அதனால் காதை மட்டும் நம்பாமல் புதர் புதராகக் குனிந்து பாருங்கள்.

அடுத்தது பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. முன்பு கையில் காசில்லாமல் ஏறினால் கண்டக்டர் கேட்பார், பேச்சு வளரும், ஆள் ஒரு மாதிரி இருக்கிறார் என்று பஸ்ஸுக்கே தெரிந்துவிடும். இப்போது இலவச டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார். திட்டத்தைக் குறை சொல்லவில்லை, எத்தனையோ அப்பத்தாக்கள் அதனால்தான் மகளைப் பார்க்கப் போய் வருகிறார்கள். ஆனால் காசில்லாமல் எவ்வளவு தூரம் போயிருக்கப் போகிறார் என்ற பழைய கணக்கு இனி உதவாது. உங்கள் தெருவைத் தொட்டுப் போகும் டவுன் பஸ் எங்கே போய்த் திரும்புகிறதோ, அந்தக் கடைசி நிறுத்தத்து டீக்கடையில் விசாரியுங்கள். டெப்போவில் போட்டோவைக் கொடுங்கள்.

கோயில் அன்னதான வரிசையையும் மறக்க வேண்டாம். பழனி, ஸ்ரீரங்கம் மாதிரி நாள் முழுக்கச் சாப்பாடு போடுகிற கோயில்களில் ஒருவர் எத்தனை நாள் இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. பந்தி பரிமாறுகிறவர்களுக்கு முகம் நன்றாக நினைவிருக்கும்.

கேள்வி: தெரு இளைஞர்கள் நாங்கள் வாட்ஸ்அப்பில் பரப்புகிறோம். இன்னும் என்ன செய்யலாம்?
(வாசகர், மேலூர்)

பதில்: பரப்பும்போது தேதியைப் போடுங்கள். ஆள் கிடைத்து வருஷம் ஆன பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் செய்திகளை நானே பார்த்திருக்கிறேன். கிடைத்துவிட்டால், பரப்பிய அத்தனை குரூப்பிலும் போய்க் கிடைத்துவிட்டார் என்று போடுவதும் உங்கள் வேலைதான்.

இன்னொன்று, எல்லா அடையாளத்தையும் போட்டுவிடாதீர்கள். வலது முழங்கையில் பச்சை குத்தியிருக்கிறது என்பது மாதிரி ஒன்றை மட்டும் வீட்டாரும் போலீஸும் வைத்துக்கொள்ளட்டும். போஸ்டர் போன மறுநாளே "உங்கம்மா எங்ககிட்டதான் இருக்காங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஜிபே பண்ணுங்க" என்று போன் வரும். கையில் என்ன பச்சை குத்தியிருக்கிறது என்று கேளுங்கள், போன் கட்டாகிவிடும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள்.

கேமரா வைத்திருக்கும் கடைக்காரர்களை இன்றைக்கே பாருங்கள். பல கடைகளில் பழைய பதிவு தானாக அழிந்து மேலே புதியது ஏறிவிடும். பதிவை யாரும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு எஸ்.ஐ.யிடம் எந்தெந்தக் கடை என்று எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்துப் பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று சிலர் கூடிவிட்டார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இப்படிப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, திருவாடானை)

பதில்: 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது நினைவிருக்கிறதா? குலதெய்வம் கோயிலுக்குப் போகக் குடும்பத்தோடு காரில் வந்த ஒரு மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. கூட இருந்தவர்களுக்கும் பலத்த காயம். அவராவது உறவுகளோடு வந்தவர், வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவர். மறதி உள்ள ஒரு தனி மனுஷிக்கு, நான் யார் என்று சொல்லக்கூட வராது.

கூட்டத்தைக் கலைத்துவிட்டு இரண்டு பெண்கள் மட்டும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர், சாப்பிட ஏதாவது கொடுங்கள். "நீ யாரு" என்று அதட்டாமல், "ஆத்தா, எந்த ஊரு ஒங்களுக்கு" என்று கேளுங்கள். ஊர்ப்பெயர் வராவிட்டால் பக்கத்துக் கோயில், ஆறு, சந்தை எது என்று கேட்டால் சில சமயம் வந்துவிடும். பிறகு 112, அல்லது முதியோருக்கான 14567. மனநலம் பாதித்து அலைகிறவராகத் தெரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டியதும், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டியதும் போலீஸின் கடமை. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆவது பிரிவு. சென்னை என்றால் மாநகர போலீஸின் 'காவல் கரங்கள்' 2021 முதல் இந்த வேலையைச் செய்கிறது.

கேள்வி: அத்தை காணாமல் போய்ப் பல வருஷம். இறப்புச் சான்றிதழ் கிடைக்குமா?
(வாசகர், மதுரை)

பதில்: ஏழு வருஷமாக, அவரைப் பற்றி வழக்கமாகக் கேள்விப்பட வேண்டியவர்கள் யாருமே கேள்விப்படவில்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். பழையதில் 108, புதியதில் 111-ஆவது பிரிவு. கோர்ட் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும், அன்றைக்குப் போட்ட எஃப்.ஐ.ஆர். நகல் அங்கே கட்டாயம் வேண்டும். வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: காணாமல் போன அம்மாவைப் போலீஸ் ஒரு முதியோர் இல்லத்தில் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறார். அவருடைய பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, நகை எல்லாம் எங்களிடம் பத்திரமாகத்தான் இருக்கின்றன. போலீஸே கூட்டிவந்து விடக்கூடாதா?
(வாசகர், சிவகங்கை)

பதில்: முடியாது தம்பி. புத்தி தெளிவோடு இருக்கும் வயது வந்த பெண், எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். போலீஸ் அவரிடம் வாக்குமூலம் வாங்கும், 'கண்டுபிடிக்கப்பட்டார்' என்று எழுதிக் கேஸை முடிக்கும். எந்த ஸ்டேஷனும் அதற்கு மேல் போகாது. அவர் விரும்பினால் 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்தில் உங்கள் மேல் ஜீவனாம்சமும் கேட்கலாம்.

நீங்கள் போய்ப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அவர் சம்மதிக்கிறாரா என்று முதலில் இல்லத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். போகும்போது அந்தப் பாஸ்புக்கையும் கார்டையும் நகையையும் எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.