சுறாப் படங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

சுறா வரும் படம் எது கண்ணில் பட்டாலும் விடாமல் பார்ப்பவன் என்பதால், இந்த வாரம் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு. தொடங்கும் முன் ஒன்று: எந்தப் படமானாலும் டிரெய்லர் பார்க்காதீர்கள். யார் மாட்டுகிறார்கள் என்பதை அதிலேயே காட்டிவிடுகிறார்கள்.

அலைமகள்: இதுவரை ஒரு சுறாப் படம்கூடப் பார்த்ததில்லை அண்ணா. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஜாஸ்’. அதன் கடற்கரைக் காட்சியை மட்டுமாவது இரண்டு தடவை பாருங்கள். ஊர் போலீஸ் அதிகாரி பிராடி மணலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். குறுக்கே யாராவது நடந்து போவார்கள். அவர்கள் கடந்ததும் பார்த்தால் கேமரா அவர் முகத்துக்கு இன்னும் கிட்டே வந்திருக்கும். ஒரு பையன் குச்சியை எறிய, அவன் நாய் நீந்திப் போய் எடுத்து வரும். கொஞ்ச நேரத்தில் குச்சி மட்டும் மிதக்கும், நாயைக் காணோம். சுறாவை இன்னும் கண்ணில் காட்டவில்லை, அதற்குள் நமக்கு வயிறு கலங்கிவிடும். அது தலையைத் தூக்கி முகம் காட்டுவதற்குள் படத்தில் ஒரு மணி இருபது நிமிடம் ஓடிவிடுகிறது.

இரண்டாம் பாகத்தை (1978) ஒரு தடவை பார்க்கலாம். மூன்றும் நான்கும் வேண்டாம்.

பாப்கார்ன்: ‘தி மெக்’ எப்படி? குடும்பத்தோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். 2018-இல் வந்தது, ஜேசன் ஸ்டேதம் நாயகன். ரத்தம் குறைவு, ஓட்டம் அதிகம். பயம் வேண்டும் என்றால் வேறு படம் பாருங்கள்.

முத்துநகர்: விஜய் நடித்த ‘சுறா’ இந்தக் கணக்கில் வருமா?

வராது. அதில் சுறா என்பது நாயகனின் பெயர்.

நீலக்கடல்: ஒரே ஆள், ஒரே இடம், கடைசி வரை பதற்றம். அப்படி ஏதாவது?

‘தி ஷாலோஸ்’, 2016. மருத்துவம் படிக்கும் பெண் ஒருத்தி அலைச்சறுக்கு விளையாடப் போகிறாள். சுறா தொடையைக் கடித்துவிட, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு சின்னப் பாறையில் ஒதுங்குகிறாள். கழுத்திலும் காதிலும் இருந்த நகையை வைத்துக் காயத்தைத் தானே தைத்துக்கொள்ளும் இடத்தில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. கடல் ஏற்றம் வந்தால் அந்தப் பாறை மூழ்கிவிடும், அவளுக்கும் அது தெரியும். சுறா வராத நேரத்திலும் படம் தொய்யாததற்கு அதுதான் காரணம். டிரெய்லர் வேண்டாம் என்று நான் சொன்னது முக்கியமாக இந்தப் படத்துக்கு.

திருச்சி பையன்: ‘மெக்’ பார்க்கலாமா சார்? அந்தச் சுறா நிஜமாவே இருக்கா?

படத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதில் வரும் ராட்சதச் சுறாவான மெகலோடான் நிஜமாக வாழ்ந்த சுறாதான், ஆனால் அழிந்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

நைட்ஷோ: ஜாஸ் ஜாஸ்னு எத்தனை வருஷம் சொல்வீங்க? அது ரப்பர் பொம்மை. மெஷின் ஓடலைன்னுதான் சுறாவைக் காட்டலை. அதைப் போய்த் திறமைன்னு சொல்றீங்க. இன்னைக்கு கிராஃபிக்ஸ்ல எவ்வளவு பெரிய சுறா வேணும்னாலும் காட்டலாமே.

மெஷின் ஓடவில்லை என்பது உண்மைதான். ‘புரூஸ்’ என்று பெயர் வைத்த அந்த இயந்திரச் சுறாவை உப்புத் தண்ணீர் பாழாக்கியது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. ஆனால் மெஷின் பழுதானால் எல்லோரும் நல்ல படம் எடுத்துவிடுவார்களா? சுறா இல்லாத இடத்தை அதன்மேல் கட்டிவிட்ட, மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களாலும், ஜான் வில்லியம்ஸின் இசையாலும், வெர்னா ஃபீல்ட்ஸின் படத்தொகுப்பாலும் நிரப்பியிருக்கிறார்கள். இசைக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கார் கிடைத்தது.

அதோடு, அந்தப் படத்தில் நிஜச் சுறாவும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரான், வாலரி டெய்லர் தம்பதி தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் வெள்ளைச் சுறாக்களைப் படம்பிடித்துக் கொடுத்தார்கள். சுறா பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கூண்டைச் சிறிதாகச் செய்து, குள்ளமான ஒருவரை உள்ளே இறக்க ஏற்பாடு. ஒருநாள் ஆள் இல்லாத கூண்டின் கம்பியில் ஒரு சுறா சிக்கிக்கொண்டு மூர்க்கமாகத் திமிறியது. அந்தக் காட்சி அவ்வளவு பிரமாதமாக வந்துவிட்டது, ஆனால் கூண்டுக்குள் ஆள் இல்லை. அதற்காகக் கதையையே மாற்றினார்கள். படத்துக்கு மூலமான பீட்டர் பெஞ்ச்லியின் நாவலில் கூண்டில் இறங்கிச் செத்துப்போகும் சுறா ஆய்வாளர் ஹூப்பர் படத்தில் பிழைப்பது இப்படித்தான். கிராஃபிக்ஸ் சுறா நாம் சொன்னதை மட்டும் செய்யும், நண்பரே. இப்படிக் கதையை மாற்ற வைக்காது.

நைட்ஷோ: நிஜச் சுறா இருந்தா போதுமா? ‘ஓப்பன் வாட்டர்’லயும் நிஜச் சுறாதான். ரெண்டு பேர் தண்ணியில மிதக்கிறாங்க, அவ்வளவுதான் படம். தூங்கிட்டேன்.

எதில் பார்த்தீர்கள், போனிலா? விளக்கை அணைத்துவிட்டு, பெரிய திரையில், ஹெட்போனோடு பாருங்கள். முக்குளிக்கப் போன தம்பதியை எண்ணிக்கைக் குழப்பத்தில் படகு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. 1998-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து எடுத்த கரு அது. 2003-இல் வந்த படம். பஹாமாஸ் கடலில், நிஜச் சுறாக்களுக்கு நடுவே நடிகர்கள் இருவரையும் இறக்கி எடுத்தார்கள். இரவுக் காட்சியில் திரை முழுக்க இருட்டு, குரல் மட்டும் கேட்கும். மின்னல் வெட்டும்போது ஒரு நொடி தண்ணீர் தெரியும், மறுபடி இருட்டு. அந்த ஒரு நொடியில் நாம் சுறாவின் முதுகுத் துடுப்பைத் தேடுகிறோம். அதற்கு ஈடான காட்சியை எந்தக் கோடி ரூபாய் சுறாவும் எனக்குக் கொடுத்ததில்லை.

அலைமகள்: நைட்ஷோ சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு அண்ணா. கிராஃபிக்ஸ்னாலே மோசமா?

மோசம் என்று சொல்ல மாட்டேன். 1999-இல் வந்த ‘டீப் ப்ளூ சீ’யில் கிராஃபிக்ஸ் சுறாவும் உண்டு, இயந்திரச் சுறாவும் உண்டு. கிராஃபிக்ஸ் இன்று பழசாகத் தெரியும். ஆனாலும் சாமுவேல் எல். ஜாக்சன் நின்று வீராவேசமாகப் பேசும் காட்சி இன்றும் தூக்கிப்போடும். மேலே எதுவும் சொல்ல மாட்டேன். நிஜச் சுறாவும் கணினி வேலையும் கலந்த நல்ல படம் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் ‘தி ரீஃப்’ (2010). நிஜச் சுறாவைத் தனியே படம்பிடித்து, நடிகர்களோடு ஒட்டவே தெரியாமல் சேர்த்திருக்கிறார்கள்.

காரைக்குடி வீட்டுச்சமையல்: சுறாப்புட்டுக்கு எந்தச் சுறா நல்லது?

சமையல் பகுதியில் கேளுங்கள்.

இரவுப்பறவை: ‘மெக்’ இரண்டாம் பாகம்?

வேண்டாம்.

பாப்கார்ன்: ‘ஜாஸ்’ நான்காம் பாகத்தில் சுறா உறுமுதே, நிஜத்தில் உறுமுமா?

வேண்டாம் என்றேனே, அதற்குள் பார்த்துவிட்டீர்களா? சுறாவுக்குக் குரல் எழுப்பும் உறுப்பே கிடையாது. அப்புறம், இந்தப் படங்களை வைத்துச் சுறாவை வெறுக்க வேண்டாம். உலகம் முழுக்க வழக்கமாக ஓராண்டில் சுறா கடித்து இறப்பவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. நாம் பிடித்துக் கொல்லும் சுறாக்களோ கோடிக்கணக்கில். பெஞ்ச்லியே பின்னாளில் சுறாக்களைக் காப்பாற்றத்தான் எழுதினார், பேசினார்.

திருச்சி பையன்: புதுசா ஏதாவது சார்?

‘அண்டர் பாரிஸ்’, 2024, பிரெஞ்சுப் படம். சுறா பாரிஸின் சேன் ஆற்றுக்குள் வந்துவிடுகிறது. பாதிவரை சுமார், முடிவு யாரும் எதிர்பார்க்காத அளவுக்குத் துணிச்சல். நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. டிரெய்லர் மட்டும் வேண்டாம்.