படிக்காமல் அழுத்திய 'அக்செப்ட்': வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி வாங்கினோம். முதல் நாள் அது கேட்டவற்றுக்கெல்லாம் படிக்காமலே 'அக்செப்ட்' அழுத்திவிட்டேன். யாரிடம் எவ்வளவு வெள்ளி கொடுத்திருக்கிறோம் என்ற கணக்கும், தொழிலாளர்களின் ஆதார் நகல்களும் அதில்தான் இருக்கின்றன. இனி மாற்ற முடியுமா?
- வாசகி, சேலம்

பதில்: மாற்ற முடியும். அன்று கொடுத்த ஒப்புதல்களில் பெரும்பாலானவற்றை இன்றே திரும்பப் பெறலாம். உங்கள் கணக்குக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாகக் கணினியைத் தயார் செய்யும்போது, டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பகத்தோடு சேர்ந்துவிடுவது உண்டு. கோப்பின் பெயருக்கு அருகே சிறிய பச்சை டிக் குறியோ நீல மேகமோ தெரிந்தால், அந்தக் கோப்பின் பிரதி இணையத்திலும் இருக்கிறது என்று பொருள்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்; இந்தப் படியைத் தாண்டி அவசரப்பட வேண்டாம். பிறகு திரையின் வலது கீழ் மூலையில் உள்ள மேகப் படத்தை அழுத்தி, செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப் என்று சென்று மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் பழைய கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கியிருக்கக்கூடும் என்பதால், அவற்றை அதற்கு வெளியே தனி ஃபோல்டருக்கு நீங்களே மாற்ற வேண்டும். அப்படியே ஒன்டிரைவிலிருந்து நேரடியாக அழித்தால் கணினியில் இருப்பதும் சேர்ந்து அழிந்துவிடும்.

இணையச் சேமிப்பே தவறு என்று நான் சொல்லவில்லை. கணினி பழுதானால் அதுதான் கைகொடுக்கும். ஆனால் எது அங்கே போக வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். ஆதார் நகல்களில் உங்களை மட்டும் நினைத்தால் போதாது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பட்டறையில் பற்றவைக்கும் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு. தேவை முடிந்த நகல்களை வைத்திருக்காமல் அழித்துவிடுவதே முறை.

அடுத்து, செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குச் செல்லுங்கள். 'டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்' என்ற இடத்தில் 'ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா' என்பதை அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால், பார்த்த இணையதளங்களும் செயலிகளைப் பயன்படுத்திய விதமும் மைக்ரோசாஃப்டுக்குச் செல்லும். ஒரு செயலி திடீரென நின்றுபோனால், அப்போது திறந்திருந்த கோப்பின் சில பகுதிகள்கூட அந்த அறிக்கையில் தற்செயலாகச் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. வெள்ளி எடைக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் வேளையில் அப்படி நடக்கலாம் அல்லவா! அதே பக்கத்தில், ஏற்கெனவே அனுப்பப்பட்டதை நீக்கும்படி கேட்பதற்கும் பொத்தான் இருக்கிறது. 'ரிக்வயர்டு' எனப்படும் குறைந்தபட்சத் தகவலை மட்டும் விண்டோஸின் 'ஹோம்' பதிப்பில் நிறுத்த இயலாது.

உங்களுக்கேற்ற விளம்பரங்களைக் காட்டச் செயலிகள் பயன்படுத்தும் விளம்பர அடையாள எண்ணை (அட்வர்டைசிங் ஐடி) அணைத்தால் விளம்பரங்கள் குறையமாட்டா. அவை உங்கள் பழக்கத்தைப் பின்தொடர்வதே குறையும். இருப்பிடம், கேமரா, மைக் ஆகியவற்றை எந்தச் செயலிக்குத் தேவையோ அதற்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். புதிய கணினிகள் திரையையே படம் எடுத்து வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். விருந்தினர்களின் அடையாள அட்டைகளை அதில்தான் பதிகிறேன். அஞ்ச வேண்டுமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 'ரீகால்' என்ற வசதி. 2024 மே மாதம் இதை அறிவித்தபோது பாதுகாப்பு வல்லுநர்கள் கடுமையாக எதிர்த்ததால் தள்ளிப்போய், 2025 ஏப்ரலில்தான் பரவலாக வந்தது. செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கான தனிச் சில்லு கொண்ட 'கோபைலட் பிளஸ்' வகைக் கணினிகளில் மட்டுமே இது இருக்கிறது. அவற்றிலும் நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் இயங்கும், படங்கள் அந்தக் கணினிக்குள்ளேயே சேமிக்கப்படும். எனினும், விருந்தினர் பதிவேடு வைத்திருக்கும் கணினியில் இதைத் திறக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முன்பே திறந்திருந்தால், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'ரீகால் அண்ட் ஸ்னாப்ஷாட்ஸ்' என்ற இடத்தில் சேமிப்பதை நிறுத்திவிட்டு, அதுவரை எடுத்த படங்கள் அனைத்தையும் அங்கேயே அழித்துவிடுங்கள்.