கொரோனா வந்து போன பிறகு மறதி, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் நிஜமாகவே வருமா, இல்லை என் மனப்பிரமையா?

உங்கள் வீட்டிலும் யாரோ "எல்லாம் உன் நினைப்புதான்" என்று சொல்லியிருக்கிறார்கள் போல. எனக்கும் சொன்னார்கள். அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். 2021 மே, இரண்டாவது அலையில் வந்தது. ஆக்சிஜன் இறங்கவில்லை, மாடி அறையில் படுத்தே தேறிவிட்டேன். வேலைக்குத் திரும்பிய பிறகுதான் கூத்து. நூல் பில்லைப் பார்த்து டேலியில் தொகையை அடிக்க வேண்டும். கண் காகிதத்தை விட்டுக் கீபோர்டுக்கு வருவதற்குள் தொகை மறந்துவிடும். மறுபடி பார்ப்பேன், மறுபடி போய்விடும். கடைசியில் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். முதலாளி, "ஏனப்பா, ஒண்ணாங்கிளாஸ் புள்ளையாட்ட வாய்ப்பாடு சொல்லிட்டிருக்கே?" என்றார். ஜிஎஸ்டி கட்டும் 20-ஆம் தேதி நெருங்கினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடுராத்திரி முழிப்பு வந்தால் அவ்வளவுதான்.

கோவையில் ஒரு நரம்பு டாக்டர் தைராய்டு, பி12, சர்க்கரை எல்லாம் பார்த்தார். வேறு காரணம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொரோனா மேல் பழி போட முடியுமாம். கொரோனா போன பிறகும் இழுக்கும் தொந்தரவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் சொன்ன வரையறையும் அதுதான்: தொற்று வந்து மூன்று மாதம் வாக்கில் தொந்தரவு இருக்க வேண்டும், இரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும், வேறு நோயால் வந்ததாக இருக்கக் கூடாது. படபடப்புக்கு மனநல டாக்டரிடம் அனுப்பினார். அவர் கொடுத்த மாத்திரையின் பெயரைச் சொல்ல மாட்டேன், மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுவிடுவீர்கள்.

எனக்குப் படபடப்பு முதலில் அடங்கியது, மறதிதான் இழுத்தது. 2022-இல் ஆக்ஸ்போர்டு ஆட்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. கொரோனா வந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை, வேறு சுவாசத் தொற்று வந்தவர்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். பதற்றமும் மனச்சோர்வும் இரண்டு மாதத்துக்குள் மற்றவர்கள் அளவுக்கு இறங்கிவிட்டன. மறதி, கவனம் நிற்காதது போன்ற மூளை மந்தமோ இரண்டு வருடம் கழித்தும் கூடுதலாகவே இருந்தது. 18 முதல் 64 வயதுக்குள் 6.4 சதவீதம், மற்றவர்களில் 5.5. பெரிய வித்தியாசம் இல்லைதான். அதற்காக எனக்கு வந்தது பொய்யாகிவிடாது.

"எல்லாம் ஊசியால் வந்தது" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: எனக்கு இது ஆரம்பித்தபோது நான் ஒரு டோஸ்கூடப் போட்டிருக்கவில்லை. நான் டாக்டரும் இல்லை, என் கதையைச் சொல்கிறேன், அவ்வளவே.

இன்சூரன்ஸ் கதை தனி. 2017 மனநலச் சட்டம், உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. நான் பில்லை நீட்டினால், "அட்மிட் ஆகலையே சார்" என்றார்கள். விதி அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாலிசி விற்கும்போது "எல்லாமே கவர் ஆகும்ணா" என்று என் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டுச் சொன்ன ஏஜென்ட் இன்றுவரை போனை எடுக்கவில்லை. தீபாவளி வாழ்த்து மட்டும் தவறாமல் வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வலிப்பு, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது என்று ஏதாவது இருந்தால் இங்கே பதில் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.