மகள் கிராஸ் கன்ட்ரி அணியில் சேரலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். 14 வயதான மகள் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளியின் கிராஸ் கன்ட்ரி ஓட்ட அணியில் சேர்ந்தே தீருவேன் என்கிறாள். இதுவரை எந்த விளையாட்டிலும் இருந்ததில்லை. ஜூன் மாதம் தானாகவே தினமும் இரண்டு மைல் ஓட ஆரம்பித்தாள். இரண்டாவது வாரமே முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் உட்பக்கம் வலி வந்துவிட்டது. நாங்கள் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவாள். "இப்படி ஓடினால் மாதவிடாய் கெட்டுவிடும்" என்று ஊரிலிருந்து மாமியார் சொல்கிறார். சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். விளையாட்டே பழகாத ஒரு பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் நுழைவதற்கு இதைவிட நல்ல வாசல் அமைவது கடினம். பல பள்ளிகளில் தேர்வு வைத்து யாரையும் கழிப்பதில்லை. வார்சிட்டி, அதாவது பள்ளியின் முதன்மை அணிப் பந்தயத்தில், ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். அவர்களில் முதலில் வரும் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்பதைக் கூட்டி, கூட்டல் குறைந்த அணி வெல்லும். மற்றவர்களுக்கு ஜூனியர் வார்சிட்டி பந்தயம் தனியாக உண்டு. தூரம் 5 கிலோமீட்டர். புல்வெளி, மண்பாதை, மேடு பள்ளம். எனக்குக் கவலை தருவது ஓட்டம் அல்ல. பூஜ்யத்திலிருந்து தினமும் இரண்டு மைலுக்குத் தாவியதும், அதற்கேற்ப அவள் சாப்பிட்டாளா என்பதும்தான்.

முதலில் வலியைப் பார்ப்போம். ஓட ஆரம்பித்தால் மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்து, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. இந்த இடைவெளியில் எலும்பு சற்று பலவீனமாக இருக்கும். "மூச்சு வாங்கவே இல்லை, இன்னும் ஓடலாம்" என்று பிள்ளைக்குத் தோன்றுவதும் அதே வாரங்களில்தான். புதிதாக ஓடுகிறவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கணைக்கால் வலி வருவதற்கு இதுவே பெரிய காரணம்.

இந்த வலியில் இரண்டு வகை உண்டு. விரலால் எலும்பின் உள் ஓரத்தை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் அளவுக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கும்போது கூடி, உடம்பு சூடானதும் குறைந்தால், அது ஷின் ஸ்பிளின்ட்ஸ். எலும்பைச் சுற்றிய உறையும் அதில் தசை ஒட்டும் இடமும் சம்பந்தப்பட்டது, ஓய்வில் ஆறும். ஒரே புள்ளியில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் கூர்மையாக வலித்தாலோ, நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அந்தக் காலில் மட்டும் நொண்டிக் குதிக்க முடியாவிட்டாலோ, எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே பல நேரம் சுத்தமாகவே இருக்கும். அதை நம்பி மறுபடி ஓட விட்டு, விரிசல் முழு முறிவாக மாறிய பிள்ளைகள் உண்டு. சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

பரவலான வலிதான் என்றால், வலியில்லாமல் அரை மணி நேரம் வேகமாக நடக்கவும், அந்தக் காலில் பத்து முறை குதிக்கவும் முடியும் வரை ஓட்டம் வேண்டாம். நீச்சலும் சைக்கிளும் போகலாம். பிறகு வாரத்தில் நான்கு நாள், அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேல் இல்லாமல், இப்படித் தொடங்கலாம்: ஐந்து நிமிட நடை, பின் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று எட்டு முறை. இரண்டு வாரம் சிக்கலில்லாமல் போனால் ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஐந்து முறை. அதற்கடுத்த இரண்டு வாரம் பத்து நிமிடம் ஓட்டம், மூன்று முறை. வேகம், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவுதான். கான்கிரீட் நடைபாதையை விட்டு, பூங்காவின் மண்பாதையில் ஓடட்டும். காலை நீட்டி எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்தால் கணைக்கால் எலும்பில் விழும் அடி குறையும். வாரம் மூன்று நாள் மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி மெல்ல இறக்கும் பயிற்சி, 12 முறை வீதம் மூன்று சுற்று; கெண்டைத் தசை பலப்பட்டால் எலும்பின் பாரம் குறையும்.

ஆகஸ்ட் நடுவில் பிராக்டிஸ் தொடங்கும்போது அவள் 30 நிமிடம் நிற்காமல் ஓடினால் போதும். அதற்குள் எட்டாவிட்டாலும் குடி முழுகிவிடாது, நடையும் ஓட்டமுமாகத் தொடர கோச்சிடம் கேளுங்கள். வலி வந்த கதையையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நியூஜெர்சியில் பந்தயங்கள் நடக்கும் ஹோம்டெல் பூங்கா மாதிரி மேடு நிறைந்த பாதைகளில் எலும்பைப் படுத்துவது ஏற்றம் அல்ல, வேகமாக இறங்கும் இறக்கம்தான். இறக்கப் பயிற்சியை அவளுக்குக் கடைசியாகச் சேர்க்கச் சொல்லலாம். காலணியை, ஓட்டக் காலணி விற்கும் கடையில் ஓடிப் பார்த்து வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 300 முதல் 500 மைலுக்குள் மாற்றுங்கள். ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த பந்தயக் காலணி) இந்த வருடம் அவசியமில்லை.

இனி உங்கள் மாமியார் சொன்னது. அவர் பயத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஓட்டம் மாதவிடாயைக் கெடுப்பதில்லை; ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாமல் இருப்பது கெடுக்கும். 45 கிலோ எடையுள்ள பிள்ளை 8 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 360 கலோரி செலவாகும். அதை ஈடுகட்டாவிட்டால் மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைக்கும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும், மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும். நுண்விரிசலுக்கு நேர்வழி இதுதான். வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடங்கள் சுழற்சி முன்பின்னாக இருப்பது இயல்பு. ஆனால் மூன்று மாதம் வராமல் போனாலோ, 15 வயதாகியும் வரவே இல்லை என்றாலோ டாக்டரைப் பாருங்கள். "ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற பேச்சு அணிக்குள் உலவும்; வீட்டில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் சைவம் தடையில்லை, நேரம்தான் தடை. பள்ளியில் மதிய உணவு பதினொரு மணிக்கே முடிந்துவிடலாம், பிராக்டிஸ் மூன்று மணிக்கு. நடுவில் ஒன்றும் இல்லாமல் ஓடுவதுதான் வழக்கமான தவறு. ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழமோ ஜாம் தடவிய பிரெட்டோ பையில் இருக்கட்டும். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பாலும், சுண்டலோ முட்டையோ. இரவில் வழக்கமான சாப்பாடு முழுதாக. இந்த வயதில் கால்சியம் ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் வேண்டும். மூன்று கப் பால் அல்லது தயிரோடு கேழ்வரகு, எள் சேர்த்தால் நெருங்கிவிடலாம்.

இரும்புச்சத்து 14 வயதுப் பெண்ணுக்கு 15 மில்லிகிராம். கீரை, பருப்பில் இருக்கும் இரும்பு உடலில் குறைவாகவே சேரும். கூடவே எலுமிச்சை, தக்காளி, கொய்யா இருந்தால் கூடும். சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் குறையும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புக் கையிருப்பு காலியாக இருக்கலாம். வேகம் காரணமின்றி இறங்கும், மாடி ஏறினாலே களைப்பு வரும். அதனால் சீசனுக்கு முன் இந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையைக் கடையில் வாங்கித் தராதீர்கள்.

ஆகஸ்ட் வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஜூலையிலேயே சில நாள் மாலையில் ஓடட்டும். ஓடும் பிள்ளை தடுமாறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ அதை வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து வரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி உடனே குளிர்விக்க வேண்டும், 911-ஐ அழைக்க வேண்டும்; ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. பயிற்சி இடத்தில் அந்தத் தொட்டி இருக்கிறதா என்று கோச்சிடம் கேட்பது பெற்றோரின் உரிமை.

கடைசியாக, படிவம். நியூஜெர்சியில் முதல் பிராக்டிஸுக்கு முந்தைய 365 நாளுக்குள் உடற்தகுதிப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். அது 90 நாளுக்கு மேல் பழையது என்றால் உடல்நலக் குறிப்பைப் புதுப்பித்துத் தர வேண்டும். ஆகஸ்டில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது சிரமம், இப்போதே வாங்குங்கள். அந்தப் படிவத்தில், ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி உண்டா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்தார்களா என்று கேட்டிருப்பார்கள். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் செய்துவிடுகிறோம். ஊருக்குப் போன் செய்து மாமியாரிடமும் உங்கள் அம்மாவிடமும் கேட்டுவிட்டு நிரப்புங்கள். சிறு வயதில் குளத்தில் மூழ்கி இறந்ததாகவோ, வலிப்பு வந்து போனதாகவோ சொல்லப்படும் உறவினர் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறவியிலேயே வரும் சில இதயக் கோளாறுகள் அப்படித்தான் வெளிப்படும். இ.சி.ஜி. தேவையா என்பதை அவர் அதை வைத்து முடிவு செய்வார்.