மின்நூலுக்குள் ஏஐ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமேசானின் கிண்டில் செயலியில், வாங்கிய மின்நூலிடமே ஏஐ மூலம் கேள்வி கேட்கலாமாமே? நானும் ஒரு நாவலை மின்நூலாகப் போட்டிருக்கிறேன். என்னைக் கேட்காமல் என் எழுத்தைப் பிழிந்து பதில் சொல்ல அவர்கள் யார்? (கொட்டாஞ்சேனை வாசகர்)

கோபம் நியாயம்தான், ஆனால் நாளைக்கே வழக்கறிஞரிடம் ஓட வேண்டாம். 2025 டிசம்பரில் அமேசான் இதைத் தொடங்கியபோது அமெரிக்காவில், ஐபோன் செயலியில், ஆங்கிலப் புத்தகங்களுக்கு மட்டும்தான் கொடுத்தது. வாங்கியவர் அல்லது இரவல் எடுத்தவர் மட்டும் கேட்கலாம், அவர் வாசித்த பக்கம் வரைக்கும்தான் பதில் வரும், அந்தப் பதிலைப் பிரதியெடுத்து வேறு யாருக்கும் அனுப்பவும் முடியாது. "இந்த மாமா யார், முன்னே எங்கே வந்தார்?" என்று கேட்பவருக்கு நாலு வரி சொன்னால் உங்கள் விற்பனை குறையப் போவதில்லை. அதைத் திருட்டு என்று நிரூபிப்பது கஷ்டம்.

எனக்கும் உறுத்துவது வேறு விஷயம். "என் புத்தகத்தை விட்டுவிடு" என்று சொல்ல எழுத்தாளருக்கோ பதிப்பகத்துக்கோ வழியே வைக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்டும் இதைத்தான் பிடித்துக்கொண்டது. 2009 பெப்ரவரியில் கிண்டில் 2 என்ற மின்நூல் கருவி, புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கும் வசதியோடு வந்தபோதும் இதே சங்கம் சத்தம் போட்டது, அந்த மாதமே அமேசான் இறங்கிவந்து எந்தப் புத்தகத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று உரிமையாளரே முடிவு செய்யட்டும் என்றது. வழக்குப் போடாமலே நடந்தது அது! நீங்கள் இப்போதைக்கு, பதிவேற்றும்போது வாசிக்காமல் சம்மதம் கொடுத்த ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். பதிப்பகம் மூலம் போட்டிருந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் ஏஐ பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய மின்நூலை ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கி, ஏ.எல். மாணவர்களுக்கு ரியூட் (பாடக்குறிப்பு) அடித்து விற்கலாமா? (வெள்ளவத்தை ரியூசன் ஆசிரியர்)

விற்கலாமா என்றுதானே கேட்கிறீர்கள், சிக்கலே அங்கேதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 11ஆம் பிரிவில், கற்பித்தலையும் நியாயமான பாவனைக்குள் சேர்க்கிறது, வகுப்புக்கான பிரதிகள் உட்பட. ஆனால் இலாபத்துக்கா, எந்த மாதிரி நூல், எவ்வளவு எடுத்தீர்கள், அந்த நூலின் சந்தை அடிபடுமா என்றும் பார்க்கச் சொல்கிறது. முழுப் புத்தகத்தையும் அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கி விற்றால், பிறகு அந்தப் பிள்ளைகளில் யார் புத்தகத்தை வாங்கப் போகிறார்கள்? "எழுதியது நான் இல்லை, ஏஐ" என்பதெல்லாம் வெறும் சாட்டு. இரசாயனச் சமன்பாடு யாருக்கும் சொந்தமில்லை, அதனால் பாடத்தை உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள், எழுத்துப்பிழை பார்க்க வேண்டுமானால் ஏஐயிடம் கொடுங்கள்.